தண்டுவடத் திட்டுகளும் எம்.ஆர்.ஐ. படமும்: கேள்வி பதில்

மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் பற்றி வந்த கேள்விகளுக்குக் கதிரியக்க மருத்துவர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: டாக்டர், மகளுக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. கழுத்துத் தண்டுவடத்துக்கும் எடுக்கச் சொல்கிறார்கள். அவசியந்தானா?

பதில்: அவசியம் அம்மா, செலவைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், வயது என எதனாலும் மூளையில் வெள்ளைப் புள்ளிகள் வரலாம். வயதானதால் மட்டும் தண்டுவடத்தில் திட்டு, அதாவது பாதிப்பின் தடம், விழுவதில்லை. அதனால் அங்கே ஒன்று தெரிந்தால் அதற்கு மதிப்பு அதிகம். இந்த நோயைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் மெக்டொனால்டு வரையறையின் 2017 பதிப்பு, நோய் நரம்பு மண்டலத்தில் பரவியிருப்பதைக் காட்டும் நான்கு இடங்களில் ஒன்றாகத் தண்டுவடத்தை வைத்தது.

கேள்வி: ஓரிடத்தில் "ஒன்றுமில்லை" என்றார்கள். வேறிடத்தில் திட்டு இருக்கிறது என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரண்டு படங்களும் எப்படி எடுக்கப்பட்டன என்று பாருங்கள். தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான். அதைச் சுற்றியுள்ள நீர் இதயத் துடிப்போடு அசைகிறது. நோயாளி எச்சில் விழுங்கினாலும் படம் கலங்கும். பக்கவாட்டில் டி2 என்ற எம்.ஆர்.ஐ. பட வகை ஒன்றை மட்டும் எடுத்தால் சிறிய திட்டு தப்பிவிடும். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் எஸ்.டி.ஐ.ஆர். போன்ற இரண்டாவது முறையும் வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் மூன்றாம் கழுத்தெலும்புக்கு நேரே மங்கலான கீற்றாகத் தெரிவது, குறுக்குவெட்டில் பின்விளிம்பைத் தொட்டு நிற்கும் ஆப்பு வடிவத் திட்டாக இருக்கும். அதைப் பார்த்தபின் எனக்குத் தயக்கம் இருப்பதில்லை.

கேள்வி: 3 டெஸ்லா காந்த வலிமை உள்ள இயந்திரம்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். 1.5 டெஸ்லாவில் ஒழுங்காக எடுத்தால் போதும்.

கேள்வி: தம்பிக்கு நான்கு முள்ளெலும்பு நீளத்துக்குத் திட்டு. இதுவும் இந்த நோய்தானா?

பதில்: அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். இந்த நோயின் திட்டு பெரும்பாலும் இரண்டு முள்ளெலும்பு உயரத்தைத் தாண்டாது. ஓரத்தில், பாதிக்கும் குறைவான பரப்பில் இருக்கும். மூன்றோ அதற்கு மேலோ நீண்டு நடுப்பகுதியைப் பிடித்தால், கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைடிஸ் ஆப்டிகா என்ற வேறு நோயை நினைக்க வேண்டும். அந்த நோயைக் காட்டும் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று இரத்தச் சோதனை செய்யுங்கள். இரண்டையும் குழப்புவது ஆபத்து: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் இன்டர்பெரான் போன்ற மருந்துகள் நியூரோமைலைடிஸ் ஆப்டிகாவை மோசமாக்கக்கூடும். தண்டுவடத்தின் பின்பக்கம் இருபுறமும் ஒரே சீராக வெளுத்திருந்தால் வைட்டமின் பி12 அளவையும் பாருங்கள். அந்தக் குறையைச் சரிசெய்ய முடியும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும், படத்தில் ஒளிரும் மருந்தான காடோலினியம் ஊசி போட வேண்டுமா?

பதில்: முதல் முறை பயன் அதிகம். புதிய திட்டுகள் சில வாரங்கள் அந்த மருந்தை ஏற்று ஒளிரும், பழையவை ஒளிராது. புதியதும் பழையதும் ஒன்றாக இருப்பது நோயை உறுதிசெய்ய உதவும். தொடர் கண்காணிப்பில் முந்தைய படத்தோடு ஒப்பிட்டாலே பெரும்பாலும் போதும். சிறுநீரகக் கோளாறோ கர்ப்பமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: திட்டு சிறியதுதான் என்கிறார்கள். கணவருக்குக் கால் தூக்கி வைக்கவே முடியவில்லையே?

பதில்: அவர் சொல்வதை நம்புங்கள் அம்மா. கால்களுக்குப் போகும் நரம்புப் பாதைகள் அந்தச் சிறிய இடத்துக்குள் நெருக்கமாகச் செல்கின்றன. அங்கே கடுகளவு பாதிப்பும் நடையைக் கெடுக்கும். அறிக்கையை மட்டும் கொண்டுபோகாமல், படங்கள் உள்ள சி.டி.யையும் நரம்பியல் மருத்துவரிடம் கொடுத்து, கால் வலுவைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.