காலாண்டு லீவில் கிருஷ்ணகிரியிலிருந்து இலங்கை: எட்டு நாளை மழை பார்த்து அமைப்பது எப்படி?

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருக்கிறோம். மாங்காய் வேலை முடிந்து, பையனுக்குக் காலாண்டு லீவு விடும் செப்டம்பர் கடைசியில் எட்டு நாள் இலங்கை போக ஆசை. நான், மனைவி, 9 வயதுப் பையன், 64 வயது அம்மா. கடல், மலை, யானை, கோயில் எல்லாம் பார்க்க வேண்டும். "அங்கே அது மழைக்காலம்" என்று பயமுறுத்துகிறார்கள். போகலாமா?

பதில்:

தாராளமாகப் போகலாம். "எல்லாம்" என்பதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கு என்று ஒரே சீசன் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவமழை. ஒரு பக்கம் நனையும்போது மறு பக்கம் காயும். நடுவில் உள்ள மலைதான் இதற்குக் காரணம். மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்த காற்று, மலையைத் தாண்டி இறங்கும்போது வறண்டுவிடுகிறது. கிழக்குக் கரைத் தமிழர்கள் அதைக் கச்சான் காற்று என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி நம் பக்கம் வரும் ஆடிக் காற்றும் அதே கதைதான்: தூசியைக் கிளப்பும், மழை தராது.

அதனால் செப்டம்பர் கடைசியில் உங்களுக்கு ஏற்றவை திருகோணமலைக் கடல், ஹபரணை பக்கத்து யானைகள், மலைநாட்டின் காலை நேரம். ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ என்ற தென்மேற்குக் கடற்கரைகளை விட்டுவிடுங்கள். அங்கே கடல் இன்னும் முரடாக இருக்கும். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கும் காலம் நவம்பரில்தான் தொடங்குகிறது. சிவனொளிபாதமலையும் வேண்டாம். டிசம்பர் பௌர்ணமி முதல் மே பௌர்ணமி வரைதான் யாத்திரைக் காலம்; மற்ற மாதங்களில் படி வழியில் விளக்கும் இருக்காது, கடையும் இருக்காது. யால சரணாலயத்தின் முதல் தொகுதியை வழக்கமாக செப்டம்பர் தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். இவற்றையும் உள்ளே திணித்தால் எட்டு நாளும் வேனிலேயே கழியும்.

பயணத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அக்டோபரில் இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட மழை தொடங்கிவிடும். நவம்பரில் வங்கக்கடல் புயல்களும் சேர்ந்துகொள்ளும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டில் செய்த சேதம் நினைவிருக்கும். செப்டம்பர் கடைசி மழை அந்த மாதிரி நாள் முழுக்க ஊற்றுவதில்லை. நம்மூரில் அதே மாதத்தில் பார்க்கிறோமே, காலையில் சுள்ளென்று வெயில், மதியம் புழுக்கம், மூன்று நான்கு மணிக்கு இடி. பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மலையில் நடப்பது, ஏறுவது எல்லாவற்றையும் மதியம் ஒரு மணிக்குள் முடிக்கும்படி அமையுங்கள். கோயில், அருங்காட்சியகம், தேயிலைத் தொழிற்சாலை, கடைவீதி எல்லாம் பிற்பகலுக்கு.

நம் பக்கத்து ஆட்கள் தவறாமல் ஏமாறுவது தூரக் கணக்கில். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டரை அகலமான நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகிய கணக்கு அங்கே உதவாது. எக்ஸ்பிரஸ்வே தவிர மற்ற சாலைகளில் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் போனாலே அதிகம். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் மூன்று மணி நேரம் பிடிக்கும். தொப்பூர் கணவாய் மூன்று மணி நேரத்துக்கு நீண்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதுவும் வளைவுகள் பல மடங்கு. பையனுக்கு வாந்தி மாத்திரை கைவசம் இருக்கட்டும்.

ஏழு இரவுகளை இப்படிப் பிரிப்பேன்: கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேராக ஹபரணை அல்லது சிகிரியா, அங்கே 2 இரவு. அடுத்து திருகோணமலை நிலாவெளியில் 2, கண்டியில் 1, நுவரெலியாவில் 2. கடைசி நாள் நுவரெலியாவிலிருந்து விமான நிலையத்துக்கு ஆறு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் விமானம் இரவில் இருந்தால்தான் இது சரிவரும்.

ஹபரணை பக்கத்து மின்னேரியா தேசியப் பூங்காவின் யானைக் கூட்டம் உங்கள் பயணத்தின் உச்சமாக இருக்கப்போகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் ஏரி நீர் வற்ற வற்ற, ஈரமான ஏரிப்படுகையில் இளம்புல் தளிர்க்கும். அதைத் தேடிச் சுற்றுக்காட்டு யானைகள் நூற்றுக்கணக்கில் இறங்கும். குட்டிகளை நடுவில் விட்டுத் தாய்கள் சுற்றி நிற்கும். புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையில் சுருட்டி, மண் போகக் காலில் தட்டிவிட்டுத்தான் வாயில் வைக்கும். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் திறந்துவிட்டாலோ, முன்கூட்டியே பலத்த மழை பெய்தாலோ புல் மூழ்கிவிடும், யானைகள் இடம் மாறிவிடும். அதனால் மின்னேரியாவுக்கு என்று முன்பணம் கட்டாதீர்கள். அன்று மதியம் ஹபரணையில் இரண்டு மூன்று ஜீப் ஓட்டுநர்களிடம் "நேற்று யானை எங்கே நின்றது?" என்று கேளுங்கள். மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான். எங்கே நிற்கின்றனவோ அங்கே போங்கள். இரண்டரை, மூன்று மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். ஜீப் வாடகை வேறு, நுழைவுக் கட்டணம் வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லுங்கள்.

சிகிரியா பாறைக் கோட்டையில் சுமார் 1,200 படிகள். காலை ஏழு மணிக்கெல்லாம் ஏறத் தொடங்குங்கள். அம்மா கீழே உள்ள நீர்த்தோட்டத்தையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துக்கொண்டு இருக்கட்டும், அதுவே நிறைவாக இருக்கும். பாறையில் குளவிக் கூடுகள் உண்டு, சத்தம் போடக்கூடாது என்று பையனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது. நகல் போதாது, அசல் பாஸ்போர்ட் காட்ட வேண்டும்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு காலையிலேயே. வெயில் ஏற ஏறக் காற்று எழும்பி, கண்ணாடி போல் இருந்த தண்ணீர் கலங்கிவிடும். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள். காலும் கிழியும், பவளமும் சாகும். மாலையில் கோணேஸ்வரம்.

மலைக்கு வருவோம். கண்டியிலிருந்து நானு ஓயா வரை ரயிலில் போவது நல்லது. நுவரெலியாவுக்கு அதுதான் ஸ்டேஷன். பெட்டிகளை வேனில் அனுப்பிவிடலாம். முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும், அன்றே எடுத்துவிடுங்கள். டித்வா புயல் இந்தப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப்போட்டது. எந்தப் பகுதியில் வண்டி ஓடுகிறது என்று பார்த்த பிறகே இந்த நாளை முடிவு செய்யுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு நுவரெலியாவில் அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். சுற்றுப்பாதை 9 கிலோமீட்டர் சொச்சம், மூன்று மணி நேரம். அங்கே "உலக முடிவு" (World's End) என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்பில் எட்டு மணிக்குள் நிற்க வேண்டும். ஒன்பது, பத்துக்குள் கீழேயிருந்து மூடுபனி ஏறிவிடும், பிறகு வெள்ளைச் சுவர்தான் தெரியும். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள்: பாலித்தீன் கவர் கூடாது, தண்ணீர் பாட்டிலின் லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். முறுக்கு, சப்பாத்தியை டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த செருப்பு வேண்டாம், ஈரப் பாதை வழுக்கும். குடையைக் காற்று திருப்பிவிடும். தலையோடு போடும் மழைக்கோட்டுதான் சரி. நுவரெலியா ஏற்காட்டைவிட 300 மீட்டருக்கு மேல் உயரம், எல்லோருக்கும் ஸ்வெட்டர் வேண்டும். அன்று காலை அம்மாவைச் சீதா எலியாவில் உள்ள சீதை அம்மன் கோயிலுக்கும் பக்கத்து ஹக்கல தோட்டத்துக்கும் அனுப்பலாம். அந்தப் பக்கம் மலையகத் தமிழர் நிறையப் பேர், பேச்சுத் துணைக்குக் குறைவிருக்காது.

கண்டி இரவை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கண்டி, நுவரெலியா இரண்டிலும் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையாகப் போடுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலேயே முன்னறிவிப்பு தருகிறது. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையாக வெளியிடும். மஞ்சள் என்றால் பகலில் மட்டும் பயணம். செம்மஞ்சள் வந்தால் மலை ஏறாமல் கண்டியில் இன்னொரு இரவு தங்குங்கள். சிவப்பில் யார் சொன்னாலும் போகாதீர்கள்.

கிளம்பும் ஏற்பாடு: பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும், பையனுடையதை முதலில் பாருங்கள், சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும். ஈடிஏ என்ற இணையவழிப் பயண அனுமதியை இலங்கைக் குடிவரவுத் துறையின் தளத்தில் மட்டும் எடுங்கள். அதே போலத் தோற்றம் காட்டிப் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய. விமானம் பெங்களூருவிலிருந்து எடுத்தால், வீட்டிலிருந்து ஆறு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். ஆயுத பூஜை லீவு ஒட்டிய நாளானால் அத்திப்பள்ளியிலும் சில்க் போர்டிலும் நிற்க வேண்டிவரும்.

ஓட்டுநரோடு வேன் பேசும்போது நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர், டீசல், எக்ஸ்பிரஸ்வே கட்டணம், ஓட்டுநரின் சாப்பாடு, தங்கல் எல்லாம் அடக்கமா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். லங்கா க்யூஆர் பலகை உள்ள கடைகளில் 2024 பிப்ரவரி முதல் நம் யூபிஐ ஓடுகிறது. செயலியில் வெளிநாட்டு வசதியை இங்கேயே இயக்கிவிடுங்கள். ஜீப்புக்கும் படகுக்கும் ரொக்கம்தான். சதுர முள் மூன்று உள்ள பிளக் அடாப்டர் ஒன்று வேண்டும்.

புரட்டாசி என்பதால் கடைசியாக ஒன்று. அங்கே காய்கறியை மரக்கறி என்பார்கள், "மரக்கறிச் சாப்பாடு" என்று கேட்டால்தான் புரியும். ஆனால் தேங்காய்ச் சம்பலிலும் சில இடங்களில் பருப்பிலும் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருப்பார்கள், பார்த்தால் தெரியாது. அம்மா விரதம் இருப்பவர் என்றால் ஒவ்வொரு கடையிலும் "மாசி போடாமல்" என்று தனியாகச் சொல்லுங்கள்.