தொட்டாலே உரிகிற தோல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் அதிகமானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. எழுபது தாண்டியவர்களின் கை கால்களில் சும்மா ஏதாவது பட்டாலே தோல் கிழிகிறது, கன்றிப்போகிறது, என்ன செய்வது என்று. ஆகவே மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 81 வயது. வளவுக்குள் கிடந்த பனை மட்டையின் கருக்கு உரசி, முழங்கைக்குக் கீழே தோல் பிரிந்து தொங்கியது. தொங்குகிற தோலை வெட்டிவிடச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. நாங்கள் கோப்பித்தூள் வைத்துக் கட்டினோம். சரிதானே? (கொக்குவில்)

வெட்டாமல் விட்டது மிகவும் நல்லது. கோப்பித்தூள் வைத்தது சரியில்லை.

இளம் வயதில் மேல்தோலும் உட்தோலும் பல்லுப்பல்லாகக் கோத்துக்கொண்டிருக்கும். வயதாக ஆக அந்தப் பற்கள் தட்டையாகிவிடும், உட்தோலும் மெலிந்துவிடும். பிறகு பக்கவாட்டில் ஓர் உரசல் பட்டாலே மேலடுக்கு வழுக்கிக்கொண்டு பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்து தொங்குகிற தோலுக்குப் பெரும்பாலும் இன்னும் உயிர் இருக்கும். எந்த மருந்துக்கடையிலும் அதைவிட நல்ல கட்டு உங்களுக்குக் கிடைக்காது.

இனி இப்படி நடந்தால், முதலில் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்தவேண்டும். இரத்தம் நின்றதும் சேலைனாலோ கொதித்தாறிய தண்ணீராலோ மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். டெட்டோல், ஸ்பிரிட், மஞ்சள், பற்பசை ஒன்றும் வேண்டாம். கோப்பித்தூள் இரத்தத்தை நிறுத்தின மாதிரித் தெரியும். ஆனால் அந்தத் துகள் காயத்துக்குள் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கழுவி எடுக்கும்போது மிச்சத் தோலும் சேர்ந்து போகும்.

அடுத்ததுதான் பொறுமை வேண்டிய வேலை. பிரிந்த தோலின் ஓரம் உள்ளே சுருண்டிருக்கும். ஈரமாக்கிய பஞ்சுக் குச்சியை அந்தச் சுருளின் மேல் வைத்து, உருட்டி உருட்டி விரித்துப் பழைய இடத்திலேயே படியவிடுங்கள். விரியமாட்டேன் என்று நின்றால் ஈரத் துணியை ஐந்து நிமிடம் மேலே வைத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். இழுத்து நீட்டக்கூடாது. முழு இடத்தையும் மூடாவிட்டாலும் பரவாயில்லை. அதன் மேல் ஒட்டாத கட்டு வரவேண்டும்: சிலிக்கோன் பூசியது கிடைத்தால் அது, இல்லாவிட்டால் பரஃபின் தடவிய வலைத்துணி. அதற்கு மேல் சுற்றுத்துணியால் சுற்றி, ஒட்டுகிற பிளாஸ்டரைத் துணியில் மட்டும் ஒட்டுங்கள், தோலில் வேண்டாம்.

கட்டு முடிந்ததும் ஒரு பேனையை எடுத்து அதன் மேல் அம்புக்குறி ஒன்று கீறி, திகதியும் போட்டுவிடுங்கள். தோல் எந்தப் பக்கம் உடம்போடு இன்னும் ஒட்டியிருக்கிறதோ அங்கே அம்பு தொடங்கவேண்டும், பிரிந்த நுனியை நோக்கிப் போகவேண்டும். கட்டை எடுப்பவர் அந்தத் திசையிலேயே எடுத்தால் படிந்த தோல் திரும்பக் கிளம்பாது. அந்த ஆள் நீங்களாக இல்லாமல் வேறு யாராவது தாதியாகக்கூட இருக்கலாம், அதற்குத்தான் குறி. தினமும் திறந்து பார்க்கவும் வேண்டாம். கட்டு ஊறிப்போகாமல், நாற்றமோ வலியோ காய்ச்சலோ இல்லாமல் இருந்தால் சில நாள் அப்படியே விடலாம்.

கால் மணிநேரம் அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால், தோல் கறுத்திருந்தால் அல்லது முழுவதும் போய்விட்டால், காயம் ஆழமாக இருந்தால், முன்னங்காலில் பெரிதாகக் கிழிந்திருந்தால், சலரோகம் இருந்தால், வைத்தியசாலைக்குப் போகவேண்டும். ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் யோசித்துக்கொண்டு போங்கள். "ஏன் தையல் போடவில்லை?" என்று அங்கே சண்டை பிடிக்கவேண்டாம். இந்தத் தோல் நூலைத் தாங்காது, போட்ட இடமெல்லாம் அறுந்துகொண்டு வரும்.

வயது 74, தோட்டக்காரன். இரண்டு முன்னங்கைகளிலும் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாக வருகிறது. நோவு இல்லை. ஓர் உறவினர் "இரத்தம் கெட்டுப்போச்சு" என்கிறார். மாரடைப்புக்குப் பிறகு அஸ்பிரின் குடிக்கிறேன், அதை நிறுத்தட்டுமா? (சுன்னாகம்)

நிறுத்தவேண்டாம் ஐயா. இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மற்றதைப் பிறகு வாசியுங்கள். உங்களை மாரடைப்பிலிருந்து காக்கிற குளிசையைக் கைத் திட்டுக்காக விடுவது ஆபத்தான வியாபாரம்.

இரத்தம் கெடவில்லை. இந்தத் திட்டுக்களை 1818இலேயே பேற்மன் என்ற ஆங்கிலேய வைத்தியர் எழுதிவைத்திருக்கிறார், இன்றும் அவர் பெயரால் சொல்வதுண்டு. ஐம்பது வருட வெயில் உட்தோலின் நார்களைத் தின்றுவிட்டது. சின்ன இரத்தக் குழாய்களுக்குப் பக்கத்தில் முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை, லேசாக இடித்தாலே கசிகிறது. அஸ்பிரின் அந்தக் கசிவைக் கொஞ்சம் கூட்டுகிறது, அவ்வளவுதான். சேட்டைக் கழற்றி மேற்கையின் உட்பக்கத்தையும் முன்னங்கையின் மேற்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதான், ஆனால் வெயில் படாத தோல் வேறு மாதிரி இருக்கும். திட்டு ஒன்றிரண்டு, மிஞ்சினால் மூன்று கிழமையில் மங்கும், மண்ணிறக் கறை கொஞ்சம் தங்கலாம். தோட்டத்துக்கு நீளக்கைச் சேட்டோடு போங்கள், இப்போதாவது.

ஆனால் திட்டு நெஞ்சிலோ முதுகிலோ வந்தால், முரசால் இரத்தம் வடிந்தால், மலம் தார் மாதிரிக் கறுத்தால் அது வேறு கதை, உடனே காட்டவேண்டும். மாரி மழையோடு நம்மூரில் டெங்கும் வரும். காய்ச்சலோடு ஊசிமுனை போலச் சிவப்புப் புள்ளிகள் கண்டால் முதுமைத் தோல் என்று வீட்டிலிருக்காதீர்கள். அப்போது அஸ்பிரின் குடிப்பதையும் வைத்தியரிடம் அன்றே சொல்லவேண்டும்.

அம்மா யாழ்ப்பாணத்தில், பார்க்க ஓர் ஆள் வைத்திருக்கிறோம். வீடியோ கோலில் அம்மாவின் கைகளில் கண்டல் தெரிகிறது. "விழவில்லை, தானாக வருகிறது" என்கிறார் அந்தப் பெண். நம்பலாமா? (ரொறன்ரோ)

முன்னங்கையிலும் புறங்கையிலும் மட்டும் என்றால் பெரும்பாலும் அவர் சொல்வது உண்மை. மேலே சுன்னாகத்து ஐயாவுக்குச் சொன்ன அதே காரணம். மேற்கையின் உட்பக்கம், காது, கழுத்து, முதுகு, தொடையின் உட்பக்கம், அல்லது விரல் பதிந்த மாதிரி வரிசையாக இருந்தால் சும்மா விடக்கூடாது. சொந்தக்காரர் ஒருவரை முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பி, அம்மாவோடு தனியாகக் கதைக்கச் சொல்லுங்கள்.

நடுவில் இன்னொன்றும் உண்டு. அடிக்காத, அன்பான ஆட்களின் கையாலும் கண்டல் வரும். கட்டிலிலிருந்து எழுப்பும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுப்பதுதான் நம்மூர் வழக்கம். அப்படி இழுக்காமல் உள்ளங்கையால் முதுகைத் தாங்கி எழுப்பவேண்டும், மேலே நகர்த்தவேண்டுமானால் கீழே மடித்துப் போட்ட விரிப்போடு சேர்த்து இருவர் தூக்கவேண்டும். பார்க்கிற பெண்ணின் நகமும் காப்பும் மோதிரமும்கூடக் காரணமாகலாம். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் சொல்லிக்கொடுங்கள். நல்ல ஆள் கிடைப்பது இப்போது லேசில்லை.

அப்பாவுக்கு இரவில் ஒரே சொறிச்சல். பாமசியில் தந்த கிறீமைப் பூசினால் உடனே நிற்கிறது. எட்டு மாதமாகப் பூசுகிறோம். இப்போது தோல் கடதாசி மாதிரி ஆகிவிட்டது. (பருத்தித்துறை)

ரியூபில் பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இவை ஸ்டிரொயிட். சரியான நோய்க்கு, சரியான இடத்தில், குறிப்பிட்ட நாளுக்குப் பூசினால் அருமையான மருந்து. எட்டு மாதம் பூசினால் ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலியவைக்கும். திடீரென்று விட்டால் சிலருக்குச் சொறி திரும்பிப் பாயும், ஆகவே ரியூபையும் கையில் கொண்டு ஒரு தோல் வைத்தியரிடம் போங்கள். வீட்டில் மற்றவர்களும் இரவில் சொறிகிறார்களா? அப்படியானால் அது சிரங்காக இருக்கலாம், எல்லாரும் ஒன்றாக மருந்து பூசவேண்டும். சிறுநீரகம், ஈரல், தைரொயிட்டும் ஒருமுறை சோதித்துப் பார்க்கவேண்டியவை.

இவை ஒன்றும் இல்லை என்றால் மிச்சம் வறட்சிதான். அதற்கு நம் கிணறும் காரணம். சுண்ணக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர் கடினமானது, சவர்க்காரம் நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் தேய்ப்போம். அந்தச் சவர்க்காரம் தண்ணீரிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைப் படையாகத் தோலிலேயே தங்கிவிடும். கமக்கட்டு, இடுக்கு, பாதம், இந்த மூன்றுக்கும் மட்டும் சவர்க்காரம் போதும். துவாயால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே வஸ்லினோ வாசனையில்லாத லோஷனோ மெல்லப் பூசுங்கள், மயிர் படிகிற திசையில். மேற்கு அவுஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கை கால்களுக்கு நாளுக்கு இருமுறை இப்படிப் பூசியவர்களுக்குத் தோல் கிழிவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. இவ்வளவு மலிவான வைத்தியம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எண்ணெய் வைத்து முழுகலாமா? (சாவகச்சேரி)

எண்ணெய் நல்லது, அரப்பு வேண்டாம். தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்குக் கனிய எண்ணெய் அளவுக்கு வேலை செய்கிறது என்று 2004இல் பிலிப்பைன்சில் ஒப்பிட்டே பார்த்திருக்கிறார்கள். எண்ணெய்க் காலோடு கிணற்றுக் கட்டில் நிற்பதுதான் எனக்குப் பயம். கதிரையில் இருந்து குளியுங்கள்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் பிரதட்டை நேர்த்தி இருக்கிறது. வயது 77, சலரோகம், வோபரினும் குடிக்கிறேன். (நல்லூர்)

வேண்டாம். முருகன் கோவிக்கமாட்டான், நான் கோவிப்பேன். வீதியில் உருளும்போது முதுகுத் தோல் மணலில் உரசுப்பட்டால், இரத்தம் உறையாமல் தடுக்கிற வோபரினோடு அதை நிறுத்துவது பெரும்பாடு. விடிய வேளைக்கு வந்து, மணல் சுடமுன் வீதியை நடந்து சுற்றிக் கும்பிடுங்கள். சலரோகத்தில் பாதம் மரத்திருந்தால் மத்தியான மணல் கொப்புளம் போட்டாலும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடியைக் கீழே வைத்துப் பாருங்கள்.

மகன் வெளிநாட்டிலிருந்து கொலாஜன் குளிசை அனுப்பியிருக்கிறான். (உரும்பிராய்)

அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம். வயதானவர்கள் பலர் இரவில் பாணும் தேத்தண்ணீரும் என்று இருந்துவிடுகிறார்கள், தோல் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, மீன் போட்ட ஒடியற்கூழ், பக்கத்தில் ஒரு கொய்யாப்பழம். சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டின பிளாஸ்டரைப் பிடுங்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிட்டது. (மானிப்பாய்)

மேல்நோக்கிப் பிடுங்கினால் வரும்தான். ஓரத்தில் எண்ணெய் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டு, ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, பிளாஸ்டரைத் தன்மேலேயே மடித்துத் தோலோடு படுத்தபடி மெல்ல உரிக்கவேண்டும். அடுத்த தடவை ஊசி குத்தமுன்பே சொல்லிவிடுங்கள்: "பிள்ளை, எனக்குத் தோல் உரியும், பிளாஸ்டர் வேண்டாம், பஞ்சை வைத்துத் துணியால் சுற்றிவிடு."