போலீஸார் கேட்டுக்கொண்டால், அவர்கள் பிடித்துவைத்திருப்பவருக்கு ஆம்புலன்ஸ் பணியாளர் மயக்க ஊசி போடலாமா?

அதை முடிவு செய்ய வேண்டியது நோயாளியின் உடல்நிலைதான். போலீஸாரின் வேண்டுகோள் மருத்துவக் காரணமாகாது. அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து எலைஜா மெக்லெய்ன் வழக்கை வைத்து இதை விளக்குகிறேன்.

2019 ஆகஸ்ட் 24 அன்று அரோரா நகரில், கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்த அந்த 23 வயது இளைஞரைப் போலீஸார் மறித்து, கழுத்துப் பிடி போட்டு அடக்கினர். பின்னர் வந்த பாராமெடிக்குகள் (ஆம்புலன்ஸில் சிகிச்சை தரும் பணியாளர்கள்) கெட்டமைன் என்ற மயக்க மருந்தை 500 மில்லிகிராம் தசையில் செலுத்தினர். அவருடைய எடை சுமார் 65 கிலோ. அவர்கள் மதிப்பிட்டதோ ஏறக்குறைய 90 கிலோ. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்குப்படி 325 மில்லிகிராமே வரும். சில நாட்களில் அவர் இறந்தார். 2023 டிசம்பரில் அந்தப் பாராமெடிக்குகள் இருவரும் குற்றவாளிகள் என ஜூரி தீர்ப்பளித்தது.

பலரும் மருந்தின் அளவையே பேசுகிறார்கள். அதைவிடப் பெரிய பிழை, நோயாளியை முறையாகப் பரிசோதிக்காமல் ஊசி போட்டதுதான் என்பேன். திமிறுபவருக்கு ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம், தலையில் அடிபட்டிருக்கலாம், அல்லது மூச்சு முட்டுவதாலேயே அவர் திமிறலாம். நெடுநேரம் போராடியவரின் ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கும். வேகமாக மூச்சுவிட்டுத்தான் உடல் அதை ஈடுகட்டுகிறது. கெட்டமைன் பொதுவாக மூச்சை அவ்வளவாகப் பாதிக்காது என்ற நம்பிக்கை, இப்படிப்பட்டவரிடம் அளவு கூடும்போது செல்லாது.

அப்போது காரணமாகச் சொல்லப்பட்ட 'எக்சைட்டட் டெலிரியம்' (கட்டுக்கடங்காத வெறிநிலை) பற்றிய 2009ஆம் ஆண்டு அறிக்கையை, அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2023இல் திரும்பப் பெற்றது. அந்தப் பெயரைச் சொல்லிக் கெட்டமைன் போடுவதையும், போடும்படி போலீஸார் ஏவுவதையும் கொலராடோ 2021லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. காலம் கடந்து வந்தாலும் நல்ல சட்டம்.

அதற்காக மயக்க மருந்தே வேண்டாம் என்பதும் சரியல்ல. தலைக் காயத்தோடு ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கி எறிபவருக்கு அது உயிர்காக்கும். ஆனால் போட்டவுடன் அவரைக் குப்புறக் கிடத்தாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இங்கே தாமதமாகவே எச்சரிக்கும். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால், மூச்சு நின்று சில நிமிடங்கள் கழித்தும் அது 98 சதவீதம் என்றே காட்டக்கூடும். வெளிவிடும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபில் அலைகள் மறைந்து நேர்கோடாவது சில நொடிகளில் தெரிந்துவிடும். அந்தக் கருவியும், கையால் அழுத்திச் செயற்கை மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கும் கைக்கெட்டும் இடத்தில் இருந்த பிறகே சிரிஞ்சில் மருந்தை ஏற்ற வேண்டும்.