லிப்போசோம் மினாக்ஸிடில் சாதா லோஷனைவிட நல்லதா?

முடி உதிர்வுக்குத் தலையில் தடவும் மருந்தான மினாக்ஸிடில், லிப்போசோம் வடிவில் விலை கூட இருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லிப்போசோம் என்பது பாஸ்போலிப்பிட் கொழுப்பாலான நுண்குமிழி. மருந்தைச் சுமந்து செல்லும். தோலை முழுசாகத் துளைத்து உள்ளே போகும் என்பதெல்லாம் விளம்பர மிகை. பெரும்பாலும் மயிர்க்கால் குழிகளில் தேங்கி, மருந்தை மெல்ல விடும். நமக்கு வேண்டியதும் அந்த இடம்தானே!

சாதா லோஷனில் ஆல்கஹாலும், மருந்தைக் கரைக்க உதவும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற திரவமும் உண்டு. ஆல்கஹால் காய்ந்ததும் மருந்து வெள்ளைப் பொடியாக முடியில் படியும். கிளைக்கால் சிலருக்கு அரிப்பும் செதிலும் தரும். அவர்கள் லிப்போசோமுக்கு மாறிப் பார்க்கலாம், லேபிளில் கிளைக்கால் இல்லையென்றால்.

ஆனால் மினாக்ஸிடிலைச் செயல்பட வைப்பது மயிர்க்காலிலுள்ள சல்போட்ரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி. அது குறைவாக இருந்தால், எந்தக் குமிழியில் வைத்துக் கொடுத்தாலும் பலன் சுமார்தான். சாதா லோஷனே ஒத்துப்போகிறவர்கள் மாற வேண்டியதில்லை.