சாம்பல் கலந்த கான்கிரீட்டை நம்பி மகளைப் படிக்கவைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கடைசி வருடம் சிவில் படிக்கும் உங்கள் மகள், சிமெண்டைக் குறைத்து ஃப்ளை ஆஷும் (அனல்மின் நிலையச் சாம்பல்) ஸ்லாகும் (இரும்பு உலைக் கசடு) சேர்த்த கான்கிரீட்டை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறாள். "அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்து கியூப் (வலிமை பார்க்க வார்க்கும் கான்கிரீட் கட்டி) உடைக்கிறவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள், பேசாமல் ஐடி கோர்ஸில் சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த ப்ராஜெக்டை அவளே செய்ய வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தத் தலைப்பு ப்ராஜெக்ட் சென்டர்களில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. பணம் கட்டினால் ரிப்போர்ட், ரிசல்ட் டேபிள் எல்லாம் கைக்கு வந்துவிடும். 'இத்தனை சதவீதம் வரை வலிமை கூடுகிறது, அதற்கு மேல் குறைகிறது' என்ற முடிவுரையும் அதில் இருக்கும். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியைக்கூட அது தாங்காது.

முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். இது ஏதோ ஆராய்ச்சிக்கூட வேடிக்கை இல்லை. வீடு கட்ட நாம் வாங்கும் பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் வரை ஃப்ளை ஆஷ் இருக்கலாம் என்பது ஐஎஸ் 1489 என்ற இந்தியத் தரக்கட்டளை. ஸ்லாக் கலந்த சிமெண்டுக்கும் ஐஎஸ் 455 இருக்கிறது.

உங்கள் மகள் பிடித்துக்கொள்ள வேண்டியது, வலிமை எந்த நாளில் வருகிறது என்பதை. சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது, கெட்டியாகும் பசையோடு கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகிறது. இந்த ஹைட்ராக்சைடால் வலிமைக்குப் பெரிய பலன் இல்லை. ஃப்ளை ஆஷில் உள்ள சிலிக்கா அதோடு வினைபுரிந்து அதே மாதிரிப் பசையைத் தருகிறது, ஆனால் நிதானமாக. அதனால் 30 சதவீதம் ஃப்ளை ஆஷ் போட்ட கியூப் 7-ஆம் நாளில் பொதுவாகக் குறைவாகவே காட்டும். 28-இல் இடைவெளி சுருங்கும். ஒழுங்காக க்யூரிங் செய்தால் (ஈரமாகவே வைத்திருந்தால்) 90-ஆம் நாளில் எட்டிப்பிடிக்கும், பல சமயம் தாண்டியும் போகும். ஸ்லாகைப் பாதி சிமெண்டுக்குப் பதிலாகவே போடலாம். அதுவும் தொடக்கத்தில் மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் சூடு குறைவாகக் கிளம்புவதால் கட்டடம் முழுவதற்கும் ஒரே பலகையாகப் போடும் பெரிய ராஃப்ட் அடித்தளங்களுக்கும், உப்பை எதிர்ப்பதால் கடலோரக் கட்டடங்களுக்கும் அதைத் தேடி வாங்குகிறார்கள். சிலிக்கா ஃப்யூம் என்ற மிக நுண்ணிய தூள் வேறு ரகம். 5 முதல் 10 சதவீதத்திலேயே வலிமையை நன்றாக உயர்த்தும், ஆனால் தண்ணீரை இழுப்பதால் கலவையை இளக்கும் ரசாயனமான சூப்பர் பிளாஸ்டிசைசர் இல்லாமல் வேலைக்கு ஆகாது.

கான்கிரீட்டைக் கலந்தே லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் கம்பெனியில் இன்டர்வியூ என்று வைத்துக்கொள்ளுங்கள். "7 நாள் கியூப் ரிசல்ட் குறைவு. சைட்டில் ஸ்லாப் செண்ட்ரிங்கை (தாங்கும் பலகை, முட்டுகளை) பிரிக்க அவசரப்படுகிறார்கள். நீ என்ன சொல்வாய்?" என்று கேட்பார்கள். கான்கிரீட் வேலைக்கான ஐஎஸ் 456-இல் செண்ட்ரிங் பிரிக்கச் சொன்ன நாட்கள் எதுவும் கலக்காத சாதாரண ஓபிசி சிமெண்டுக்கானவை, இந்தக் கலவைக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டும், க்யூரிங்கும் 7 நாள் போதாது, குறைந்தது 10 நாள், வெயில் காலத்தில் 14 நாள் என்று அவள் சொல்ல வேண்டும். தன் கையால் கியூப் வார்த்து, தொட்டியில் போட்டு, மெஷினில் வைத்து உடைத்தவளுக்கு இந்தப் பதில் தானாக வரும்.

வேலை எங்கே என்றால், ரெடிமிக்ஸ் பிளாண்ட்களின் குவாலிட்டி கண்ட்ரோல், கான்கிரீட் ரசாயனங்கள் தயாரிக்கும் அட்மிக்ஸ்சர் கம்பெனிகள், சிமெண்ட் கம்பெனிகளின் டெக்னிக்கல் சர்வீஸ், கட்டுமானப் பொருள் பரிசோதனை லேப்கள். ஆரம்பச் சம்பளம் ஐடி அளவுக்கு இருக்காது, அதை மறைக்க மாட்டேன். பிளாண்ட் என்றால் ராத்திரி கான்கிரீட் போடும் வேலையும் வரும். உங்களுக்கு அது தயக்கமாக இருந்தால் லேப் வேலையில் தொடங்கட்டும், ஆனால் முடிவை அவளிடம் விடுங்கள்.

மேலே படிக்க ஆசைப்பட்டால் எம்.டெக் நுழைவுத் தேர்வான கேட் எழுதச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல்லும் சுட்ட களிமண்ணும் கலந்த எல்சி3 சிமெண்டை உருவாக்கிய பணியில் ஐஐடி மெட்ராஸுக்கும் பங்கு உண்டு. 2023-இல் அதற்கு ஐஎஸ் 18189 தரக்கட்டளையே வந்துவிட்டது. சென்னைத் தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமான சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சியும் இருக்கிறது. அங்கே இன்டர்ன்ஷிப்புக்கு முயன்று பார்க்கலாம்.

அப்புறம் ஒரு அவசர வேலை. பெரும்பாலான மாணவர்கள் பிப்ரவரியில் கியூப் வார்த்து, 28 நாள் ரிசல்ட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை வைத்து ஃப்ளை ஆஷ் வலிமையைக் குறைக்கிறது என்று எழுதுவது அந்தப் பொருளுக்குச் செய்யும் அநியாயம். வைவா (வாய்மொழித் தேர்வு) ஏப்ரலில் என்றால் 90-ஆம் நாள் கியூபை டிசம்பருக்குள் வார்த்தாக வேண்டும். ஒவ்வொரு கலவைக்கும் 56-ஆம் நாளுக்கு மூன்று, 90-ஆம் நாளுக்கு மூன்று கியூப் கூடுதலாக வார்க்கச் சொல்லுங்கள். கல்லூரி லேபில் கியூப் வார்க்கும் மோல்டு போதவில்லை என்றால் ப்ராஜெக்ட் கைடிடம் இந்த வாரமே பேசட்டும்.