பில்லி கானலி என்ற ஸ்காட்லாந்து காமெடியனை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? ஒரு கதையைக்கூட ஒழுங்காக முடிக்கத் தெரியவில்லையே?

நீங்கள் யூடியூபில் இரண்டு மூன்று துண்டு வீடியோ பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று வரி பேசினால் ஒரு பஞ்ச் வர வேண்டும் என்று பழகிய காதுக்கு அவர் பேச்சு எரிச்சலாகத்தான் இருக்கும். கேள்வியின் கீழே ஒருவர் "வெல்டிங் பட்டறையில் பேசுகிற மாதிரி இருக்கிறது" என்று நக்கலாக எழுதியிருக்கிறார். அதற்காகத்தான் இந்தப் பதில். நான் வெல்டர். கானலியும் வெல்டர்தான்.

1942ல் கிளாஸ்கோவின் ஆண்டர்ஸ்டனில் பிறந்தவர். நாலு வயதில் அம்மா விட்டுவிட்டுப் போய்விட்டார், அத்தைகள் வளர்த்தார்கள். அந்த வீட்டில் அவர் பட்டதையெல்லாம் அவர் மனைவி பமீலா ஸ்டீபன்சன் 2001ல் எழுதிய புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள், அதை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. பதினைந்து வயதில் பள்ளியை விட்டார். அப்புறம் கிளைட் ஆற்றங்கரையில் ஸ்டீபன் கப்பல் கட்டும் தளத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து வெல்டிங் கற்றார். நைஜீரியாவில் எண்ணெய்த் தளம் கட்டும் வேலைக்கும் போய் வந்திருக்கிறார். பிறகுதான் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம், பாடகர் ஜெரி ராஃபர்டியோடு ஹம்பிள்பம்ஸ் என்ற பாட்டுக் குழு எல்லாம். பாட்டுக்கு நடுவே பேச ஆரம்பித்தவர்; பேச்சு நீண்டுகொண்டே போனது, பாட்டு குறைந்துகொண்டே வந்தது.

இனி என் கதை. சிங்கப்பூரில் கப்பல் தளத்தில் வேலை பார்த்தபோது எங்கள் குழுவில் புதுக்கோட்டைப் பக்கத்து பைப் ஃபிட்டர் ஒருவர் இருந்தார். டீ நேரத்தில் ஹெல்மெட்டைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின் மேல் உட்காருவார். பிளாஸ்டிக் பையில் கட்டிய டீயை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டே, பெண் பார்க்கப் போன கதையை ஆரம்பிப்பார். பஸ் ஏறுவார்கள். உடனே கதை கண்டக்டர் பக்கம் போகும். கண்டக்டரிலிருந்து மாமாவின் பல்செட்டுக்கு வரும். அந்தப் பல்செட் உண்மையில் யாருடையது என்று இன்னொரு கிளைக் கதை. சைரன் அடித்துவிடும், பெண் வீட்டு வாசலைக்கூட எட்டியிருக்க மாட்டோம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து. அடுத்த பிளாக் ஆட்கள்கூட டீயைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

எங்கள் இன்ஸ்பெக்டர் வயதான கிளாஸ்கோக்காரர். வெல்டில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் திரும்ப கிரைண்ட் செய்யச் சொல்லும் ஆள். ஒருநாள் என்ன சிரிப்பு என்று வந்து நின்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பல்செட் கதையைச் சொன்னேன். ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு போனை எடுத்து கானலியைக் காட்டி, "இவனும் உங்க ஆளுதான், வெல்டர்" என்றார். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அந்த ஓட்டம் புரிந்தது. கதையை நடுவில் விட்டு எங்கோ போவது, தான் சொல்லப்போவதை நினைத்துத் தானே முதலில் சிரித்துவிடுவது, பத்து நிமிஷம் கழித்து எதுவுமே நடக்காதது போல் பழைய இடத்துக்கு வருவது. அது தெரியாமல் செய்கிற வேலை இல்லை சார். அப்படி அலைந்து திரும்பி வருவதற்கு நேராகச் சொல்வதைவிட அதிகக் கைப்பக்குவம் வேண்டும். கப்பல் தளத்தில் இருந்த பேச்சுக்காரர்களிடம்தான் கற்றேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஃபிட்டருக்கு அந்தப் பெண்ணைக் கொடுக்கவில்லை. "ஐடிஐதானே" என்றார்களாம். எனக்கும் தரகர் அதையேதான் சொன்னார். டிகிரி முடித்து வீட்டில் இருப்பவனுக்கு ஜாதகம் வருகிறது, எக்ஸ்ரே டெஸ்டில் பாஸாகும் வெல்ட் போடுகிறவனுக்கு வரமாட்டேன் என்கிறது. சரி, விடுங்கள்.

கெட்ட வார்த்தை பேசுகிறாரே என்று கேட்பீர்கள். பேசுகிறார், நிறையவே. அவர் அடித்த எல்லா ஜோக்கையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. 2004ல் ஈராக்கில் பிணைக் கைதியாக இருந்த ஒருவரை வைத்து அவர் அடித்த ஜோக் எனக்கும் பிடிக்கவில்லை, பிரிட்டனிலும் திட்டினார்கள். ஆனால் கெட்ட வார்த்தை மட்டுமே போதுமென்றால் எங்கள் ஃபோர்மேனுக்கும் சர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

ஆமாம், 2017ல் சர் பட்டமே கொடுத்தார்கள். அதே ஆண்டு, 75வது பிறந்தநாளுக்கு கிளாஸ்கோ நகரச் சுவர்களில் அவரை ஆளுயரத்துக்கும் மேலே பெரிய பெரிய ஓவியமாக வரைந்தார்கள். மேடையில் அவர் போட்டுக்கொண்ட வாழைப்பழ வடிவ பூட்ஸ் அங்கே அருங்காட்சியகத்துக்குப் போனது. 2013ல் புற்றுநோய், கை கால் நடுங்க வைக்கும் பார்க்கின்சன் நோய் இரண்டும் ஒரே வாரத்தில் தெரியவந்தன. அதன் பிறகும் சில வருடம் மேடை ஏறினார். கை நடுக்கத்தையும் ஜோக்காக்கினார்.

பார்ப்பதென்றால் 1975ல் மைக்கேல் பார்க்கின்சன் டிவி நிகழ்ச்சியில் அவர் சொன்ன சைக்கிள் ஜோக்கில் தொடங்குங்கள். வேண்டாமென்று மேனேஜர் தடுத்தும் சொன்னது. பிரிட்டன் முழுக்க அவரைத் தெரிய வைத்தது அதுதான். அப்புறம் இயேசுவின் கடைசி விருந்தை கிளாஸ்கோ கேலோகேட் தெரு சாராயக் கடையில் நடப்பதாகச் சொல்லும் நீளக் கதை. அதற்காகப் பாதிரியார் ஒருவர் ஆள் திரட்டிப் போராட்டமே நடத்தினார். ஆங்கில சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்போன் கட்டாயம்.