கேள்வி-பதில்: மருந்துக்குக் கேட்காத ஊசிப்புழு

கேள்வி: கிருஷ்ணகிரியில் அண்ணன் தக்காளி போட்டிருக்கிறார். ஊசிப்புழுவுக்குக் குளோரான்ட்ரனிலிப்ரோல் இரண்டு தடவை அடித்தும் அடங்கவில்லை. கடைக்காரர் ஃபுளூபென்டியமைடுக்கு மாறச் சொல்கிறார். மருந்து வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: முதலில் கடைக்காரர் சொன்னது. இரண்டுமே டயமைடு வகை. புழுவின் தசையில் ஒரே இடத்தைத் தாக்குபவை. ஒன்றுக்கு எதிர்ப்பு வந்திருந்தால் மற்றதும் பெரும்பாலும் பலிக்காது. பாட்டில்தான் மாறும்.

2014-இல் இந்தியாவுக்குள் வந்த இந்த டூட்டா அப்சொலூட்டா, இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே இருந்து தின்பது. அதனால் மருந்து வீரியம் இழந்ததா, புழுவிடம் போய்ச் சேரவே இல்லையா என்பது வயலில் பார்த்தால் தெரியாது. இலையை மருந்தில் முக்கிப் பார்த்தால் தெரியும்.

மருந்து படாத செடியின் இலைகளைப் பறித்து, காம்பில் ஈரப்பஞ்சு சுற்றுங்கள். லேபிள் அளவு லிட்டருக்கு 0.3 மி.லி. என்றால் அந்த அளவில் ஒரு கரைசல், அதில் பாதி அளவில் ஒன்று, வெறும் தண்ணீர் ஒன்று. அளக்க இன்சுலின் ஊசி போதும். ஆனால் 100 யூனிட் ஊசியில் (1 மி.லி.-க்கு 100 யூனிட்) 0.3 மி.லி. என்பது 30 யூனிட் கோடு. 40 யூனிட் ஊசியில் (1 மி.லி.-க்கு 40 யூனிட்) 12 யூனிட் கோடு. இங்கே தவறினால் சோதனையே வீண். மருந்து இலையில் ஒட்டுவதற்கான ஒட்டுத் திரவம் கலந்தால் வெறும் தண்ணீரிலும் கலக்க வேண்டும்.

இலையை 3 விநாடி முக்கி, நிழலில் நன்றாக உலர்த்தி, ஈரத்தாள் விரித்த டப்பாவில் வையுங்கள். புழு சுமார் 3 மி.மீ. நீளம் இருக்கட்டும். பெரியது வேண்டாம், கூட்டுப்புழுவாகும் நேரத்தில் அது தின்பதை நிறுத்திவிடும். இலைத்தோலைக் கிழித்து மெல்லிய தூரிகையால் எடுங்கள். இடுக்கி பட்டால் நசுங்கும். ஒவ்வொரு கரைசலுக்கும் 30 புழு, நான்கைந்து டப்பாக்களில்.

மறுநாளே எண்ணிவிடாதீர்கள். டயமைடு பட்ட புழு தின்பதைச் சீக்கிரம் நிறுத்தும், சாக நாளாகும். 72 மணி நேரம் கழித்துத் தூரிகையால் தொடுங்கள். ஒழுங்காக நகர முடியாதது செத்த கணக்கு.

வெறும் தண்ணீரிலும் சில சாகும், அதைக் கழிக்க வேண்டும். தண்ணீரில் 10 சதவீதம், மருந்தில் 82 சதவீதம் என்றால்: 82-இல் 10 போக 72, அதை 90-ஆல் வகுத்தால் 80 சதவீதம். தண்ணீர் டப்பாவிலேயே 20 சதவீதத்துக்கு மேல் செத்திருந்தால் இலை வாடியிருக்கும் அல்லது புழு காயப்பட்டிருக்கும்; மறுபடி செய்யுங்கள்.

லேபிள் அளவில் அநேகமாக எல்லாம் செத்தால் குறை தெளிப்பில்: நாசில் தேய்ந்திருக்கலாம், இலையின் அடிப்பக்கம் நனையாமல் இருக்கலாம். நிறையப் பிழைத்தால் டயமைடை நிறுத்திவிட்டு, ஸ்பைனோசாட், இண்டாக்சாகார்ப் போன்ற வேறு வகைக்குப் போகட்டும். லேபிளில் தக்காளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வைத்திருக்கும் தக்காளி இலையில் வெள்ளைக் கோடுகள். அதே புழுவா?
– வாசகி, ஈசூன்

பதில்: மெல்லிய கோடு வளைந்து வளைந்து போனால் அது பெரும்பாலும் இலைத்துளைப்பான் ஈ, உள்ளே காலில்லாத மஞ்சள் புழு இருக்கும். ஊசிப்புழு என்றால் கண்ணாடிபோல் அகலமான திட்டும், உள்ளே கறுப்பு எச்சமும் தெரியும். ஈயாக இருந்தால் அந்த இலைகளைக் கிள்ளிக் கட்டிப் போடுங்கள், போதும். ஊரிலிருந்து மருந்துப் பாட்டில் கொண்டுவர வேண்டாம்.